ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரையும் நிலக்காட்சி ஓவியருக்கு அலுப்புத் தட்டாதா?

திறந்தவெளியில் அமர்ந்து வரையும் ஓவியர்கள் ஒரே இடத்துக்கே மறுபடி மறுபடி போகிறார்களே, அவர்களுக்குச் சலிப்பு வராதா, எதுதான் அவர்களை வரையத் தூண்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 18 ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைந்து வருகிறேன்; அவற்றுள் கடைசி 6 ஆண்டுகளின் பெரும்பகுதி ஒரே ஓடைக்கரையில் கழிந்தது. அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

தொடக்கத்தில் நானும் அழகான இடங்களைத் தேடி அலைந்தவன்தான். அருவி, மலைமுகடு, கடலோரப் பாறை என்று எங்கே போனாலும் கண்ணில் பட்ட அனைத்தையும் ஒரே கேன்வாஸில் அடக்கிவிட முயல்வேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த இடத்துக்குப் போகாதவர்கூட அதை வரைந்திருக்கலாம் என்று தோன்றும். ஓடைக்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது நடந்து போகும் தொலைவில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு மரம், அதன் பின்னால் ஒரு மேடு, இரண்டுக்கும் நடுவே காய்ந்த புல்வெளி, அவ்வளவுதான்.

அங்கே ஒரு நாள் காலையில், புல்லின் மேல் விழுந்திருந்த மரத்தின் நிழலை வரைந்துகொண்டிருந்தேன். அதுவரை நிழல் என்றால் பழுப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து பூசுவதே என் வழக்கம். அன்று நிழலை மட்டும் நெடுநேரம் பார்த்தேன். அடிமரத்தை ஒட்டிய இடத்தில் அது அடர்த்தியாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தது. கிளைகளின் நிழல் விழுந்த தொலைவிலோ விளிம்பு கரைந்து, வானத்தின் நீலம் அதில் இறங்கியிருந்தது. அல்ட்ராமரீன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் வெள்ளையையும் குழைத்தேன். வண்ணத்தட்டில் அது வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. அதைக் கேன்வாஸில் மஞ்சள் புல்லுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் ஊதாவாக மாறி, புல் முழுவதும் வெயில் அடித்ததுபோல் ஆகிவிட்டது. உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். மேகமூட்டமாக இருந்ததால் நிழலே இல்லை, புல்லும் வேறு நிறத்தில் இருந்தது. என் தூண்டுதல் என்னவென்று கேட்டால் அந்த இரண்டு காலைகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத்தான் சொல்வேன்.

இது என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு அன்று. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே எத்தனையோ முறை வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்புறம் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1890-91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது, ஒளி மாற மாற ஒரு கேன்வாஸை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றில் தொடர்ந்தார். அந்த வரிசையில் ஏறத்தாழ 25 ஓவியங்கள் உள்ளன. கான்ஸ்டபிளைப் பார்த்துத்தான் நானும் வரையும் ஒவ்வொரு பலகையின் பின்னாலும் நாளையும் நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். பழைய பலகைகளைத் திருப்பி அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது, நாட்குறிப்பு எழுதாத குறை எனக்குத் தெரிவதில்லை.

வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. ஆகவே நான் முதல் 20 நிமிடங்களில் நிழல்களின் வடிவத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அவை எங்கே நகர்ந்தாலும் பின்தொடர்வதில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது மிக இருண்டது, எது மிக வெளிச்சமானது என்பதை முதலில் தீர்மானிப்பேன். புகைப்படம் எடுத்துப்போய் வீட்டில் வரையலாமே என்று பலர் கேட்கிறார்கள். வானத்துக்கேற்பக் கேமராவை அமைத்தால் நிழல் கறுத்துப்போகும். நிழலுக்கேற்ப அமைத்தால் வானம் வெளுத்துப்போகும். அந்த நிழலுக்குள் இருந்த நீலத்தை எனக்குக் காட்டியது கண்தான்.

இந்த வேலையின் சிரமங்களையும் மறைக்க விரும்பவில்லை. காற்று ஓவியத் தாங்கியைச் சாய்க்கும். ஈர வண்ணத்தில் பூச்சி ஒட்டும். டச்சு ஓவியர் வான்கா 1889இல் வரைந்த ஆலிவ் மரங்கள் ஓவியத்தின் வண்ணப்பூச்சில் ஒரு வெட்டுக்கிளியின் உடலின் ஒரு பகுதி பதிந்திருப்பதை, அமெரிக்காவிலுள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் 2017இல் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபிறகு, என் பலகைகளில் ஒட்டிக்கொள்ளும் புல்விதைகளை நான் கிள்ளி எடுப்பதில்லை. அவையும் அந்த நேரத்தைச் சேர்ந்தவையே. வரைபவற்றுள் பத்தில் இரண்டுதான் தேறும். மற்றவற்றைச் சுரண்டிவிட்டு, அதே பலகையில் மறுபடி வரைகிறேன். இதை இழப்பாக நான் கருதவில்லை, ஏனென்றால் சுரண்டிய பலகையில் பார்த்துப் பழகியதுதான் அடுத்த பலகைக்குக் கைகொடுக்கிறது.

இப்போது என்னை இழுத்துக்கொண்டிருப்பது அந்த மேட்டின் மேல்விளிம்பு. மாலையில் வெயில் சாய்ந்த பிறகு சில நிமிடங்களுக்கு, பின்னால் திரண்டிருக்கும் மழைமேகத்தைவிட மேடு வெளிச்சமாக நிற்கிறது. வழக்கமாக வானத்தைவிட நிலம் இருண்டிருக்கும் என்பதால், பழகிய கை அதைத் தவறாகவே பூசிவிடுகிறது. ஏழு பலகைகளில் முயன்றுவிட்டேன். ஏழாவதில், விளிம்பின் இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் அந்த ஒளி சரியாக வந்திருக்கிறது.