குமிழி மேலே போனால் காசும் மேலே போகிறது

கேள்வி: என்னிடம் செடிகள் வளர்க்கும் இரண்டடி மீன் தொட்டி இருக்கிறது. செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயு கொடுக்க சிலிண்டர், ரெகுலேட்டர், வாயுவைப் பொடிக் குமிழியாக்கும் செராமிக் டிஃப்யூசர் மூன்றையும் செட்டாக வாங்கினேன். வினாடிக்கு மூன்று குமிழி விட்டும் எல்லாம் நேரே மேலே போய் உடைகின்றன. செடி வளரவில்லை, பாசிதான் வளர்கிறது. வாயுவைத் தண்ணீரில் கரைத்து அனுப்பும் ரியாக்டர் வாங்குங்கள், இல்லாவிட்டால் லிக்விட் கார்பன் ஊற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு டிராப் செக்கர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு கருவி அது. குமிழி எண்ணிக்கை எவ்வளவு வாயு செலவாகிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு கரைந்தது என்பதற்கு டிராப் செக்கரைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஊற்ற வேண்டியது 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசல்; தொட்டித் தண்ணீரை ஊற்றினால் அளவு தப்பும். பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், அது போதும். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரமாகும் என்பதால், பார்த்த உடனே ரெகுலேட்டரைத் திருகாதீர்கள்.

அப்புறம் டிஃப்யூசரை உற்றுப் பாருங்கள். வில்லை முழுவதும் புகைபோல் பொடிக் குமிழி வர வேண்டும். ஒரே ஓரத்திலிருந்து பெரிய குமிழியாக வந்தால் வில்லை அடைத்திருக்கிறது அல்லது ஓரம் கசிகிறது. குமிழியின் விட்டம் பாதியானால், அதே அளவு வாயுவுக்குத் தண்ணீர் படும் பரப்பு இரட்டிப்பாகும். மேலேறும் வேகமும் குறையும். அடைத்திருந்தால், நீர்த்த ப்ளீச்சில் சில மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

இடமும் முக்கியம். பலர் டிஃப்யூசரைப் பார்வைக்கு அழகான மூலையில் ஒட்டிவிடுகிறார்கள். ஃபில்டர் நீரோட்டம் எதிர்க் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கும் பக்கத்தில், அடிமட்டத்தில் வையுங்கள். குமிழிகள் மேலே ஓடாமல் செடிகளுக்கிடையே அலைந்து திரிந்தால் இடம் சரி. வாயு ஓடும்போது ஏர் பம்ப் ஓடக் கூடாது. ஃபில்டர் தண்ணீர் அருவியாகக் கொட்டினால் நீர்மட்டத்தை உயர்த்துங்கள். லேசான அலை இருக்கட்டும், மீனும் மூச்சுவிட வேண்டுமே. விளக்கு போடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் வாயுவை மூடி ஏர் பம்பைப் போடுங்கள்.

ரியாக்டர் நல்ல கருவிதான். ஆனால் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரும் நாலடித் தொட்டியும் உள்ளவருக்குத்தான் அந்தச் செலவு தகும். லிக்விட் கார்பன் என்று விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனம். பாசியைக் கொல்லும், வாலிஸ்நேரியா போன்ற நீர்ச்செடிகளையும் சேர்த்துக் கருக்கிவிடும். வாயுவுக்கு அது மாற்றே இல்லை.

டிஃப்யூசர் வாங்கியபோதே ஓரம் கசிந்திருந்தால் அது பழுதான பொருள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டுக் கடைக்காரர் தப்பிக்க முடியாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கசிவதை வீடியோ எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம்.