கூட்டு எழுத்துப் பட்டறை என்றால் என்ன? அனுபவம் இல்லாதவரும் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். தகுதி எதுவும் கேட்காமல், விருப்பமுள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டும் சந்திப்புதான் இது. நடத்துபவர் ஒரு தூண்டுதல் தருவார்: ஒரு புகைப்படம், ஒரு வரி, ஒரு பழைய சாவி. கொஞ்ச நேரம் எல்லோரும் எழுதுவார்கள். அப்புறம் விரும்புகிறவர் மட்டும் வாசிப்பார்.

ஏன் குழுவாக? தனியாக எழுதும்போது, முதல் வரியிலேயே திருத்தும் புத்தி குறுக்கே வந்துவிடும். இங்கே நேரமும் குறைவு, பக்கத்தில் இருப்பவரும் தடுமாறுகிறார். கை தானாக ஓடும். அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் நகரில் எழுத்தாளர் பேட் ஷ்னைடர் வளர்த்தெடுத்த முறையில் இதற்கென்றே விதிகள் உண்டு. அப்போதுதான் எழுதியதைக் குறை சொல்லக் கூடாது, மனதில் நின்றதைச் சொல்லலாம். சொந்தக் கதை போலத் தெரிந்தாலும் கற்பனையாகவே பேச வேண்டும். நடத்துபவரும் கூடவே எழுதி வாசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், கூச்சம் போவது இதனால்தான். குறை சொல்லாமல் இருப்பதும் இப்படித்தான்: சைக்கிள் பழகுகிறவரை முதலில் ஓட்டத்தானே விடுகிறோம், வளைவு சரியில்லை என்று நிறுத்துவதில்லையே.

விமர்சனமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: எழுதியவர் திருத்திய பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், குறைகளும் பேசப்படும்.