வாசகர் கேள்வி – பதில்: ரகசியத் திருமணமும் ஒரு சட்டமும்

கேள்வி: 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியலைப் படிக்கும்போது விக் கட்சித் தலைவரான சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸின் பெயர் அடிக்கடி வருகிறது. அவருடைய தந்தை ஹென்றி ஃபாக்ஸைப் பற்றியோ, பொதுப் பணத்தில் செல்வம் சேர்த்தவர் என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. அவருடைய வாழ்க்கையையும் குடும்பத்தையும் விளக்க வேண்டும்.

பதில்: அந்த ஒரு வரி பொய்யில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. 1705இல் பிறந்த ஹென்றி, இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் காலத்தில் படைச் சம்பளப் பொறுப்பு வகித்துப் பெரும் செல்வரான சர் ஸ்டீஃபன் ஃபாக்ஸ் முதிய வயதில் பெற்ற பிள்ளைகளில் ஒருவர். ஈட்டனில் படித்தார். 1735இல் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் உறுப்பினராகி, பிரதமர் வால்போலின் ஆதரவில் படிப்படியாக உயர்ந்தார்.

அவருடைய வாழ்க்கையின் திருப்பம் 1744 மே மாதத்தில் நிகழ்ந்தது. ரிச்மண்டின் இரண்டாம் கோமகனுடைய மூத்த மகளும் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் கொள்ளுப் பேத்தியுமான 21 வயது கரோலின் லெனாக்ஸை, 38 வயது ஹென்றி பெற்றோருக்குத் தெரியாமல் மணந்துகொண்டார். கோமகனின் குடும்பம் மகளை விலக்கி வைத்தது. 1748இல்தான் சமாதானம் ஏற்பட்டது. அப்போதும் மனக்கசப்பு முழுவதும் தீரவில்லை என்றே கருதுகிறேன். ஏனெனில் 1750, 1751ஆம் ஆண்டுகளில் கோமகனும் அவர் மனைவியும் அடுத்தடுத்து இறந்தபோது, சிறுமிகளாக இருந்த மூன்று தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு மூத்தவளான கரோலினுக்குத் தரப்படாமல், அயர்லாந்தில் வாழ்ந்த இரண்டாவது மகள் எமிலிக்கே தரப்பட்டது.

இந்தக் காயத்தை நினைவில் வைத்துக்கொண்டு 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்ட விவாதத்தைப் பார்க்க வேண்டும். நாட்டின் உயர்ந்த நீதித்துறைப் பதவியான சான்சலர் பதவியில் இருந்த ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த அந்தச் சட்டம், 21 வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணப்பதற்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கி, தேவாலயத்தில் முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்றது. அப்போது போர்ச் செயலராக அரசுப் பதவியில் இருந்தும் ஹென்றி அதைக் கடுமையாக எதிர்த்தார். பதவிக்காக வளைந்து கொடுப்பவர் என்று பேர் வாங்கிய அவர், தம் சொந்த வாழ்வு தொடர்பான இந்த ஒன்றில் வளையவில்லை. அவரிடம் நான் மதிக்கும் செயல் இதுவே. சட்டம் நிறைவேறியது.

இனி, பணத்தைப் பற்றி. 1757 முதல் 1765 வரை அவர் படைச் சம்பளப் பொறுப்பாளராக இருந்தார். ஏழாண்டுப் போர் நடந்த காலம் அது. கருவூலத்திலிருந்து வரும் பெருந்தொகை, செலவாகும் வரை பொறுப்பாளரின் கையிலேயே இருக்கும். அதை முதலீடு செய்து வரும் ஆதாயத்தை அவரே வைத்துக்கொள்வதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் அவருக்கு முன்பு அதே பதவியில் இருந்த வில்லியம் பிட் அந்த ஆதாயத்தைத் தொட மறுத்திருந்தார் என்பதால், எல்லாரும் செய்ததையே ஹென்றியும் செய்தார் என்று வாதாடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1769இல் லண்டன் நகரத்தார் மன்னருக்கு அளித்த விண்ணப்பம், கணக்குக் காட்டாத கோடிகளுக்குப் பொறுப்பானவர் என்று அவரைக் குற்றம் சாட்டியது. இந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர 1782ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது.

அவரை மக்கள் வெறுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1762 டிசம்பரில், ஏழாண்டுப் போரை முடிக்கும் பாரிஸ் சமாதானத்தின் முன்வரைவை 319க்கு 65 என்ற வாக்குக் கணக்கில் காமன்ஸ் சபையில் நிறைவேற்றிக் கொடுத்த பிறகு, எதிரணித் தலைவர்களை அண்டிப் பிழைத்த சிறு அலுவலர்கள் வரை பதவியிலிருந்து நீக்கச் செய்தார். 1763இல் ஹாலந்து பிரபு பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் விரும்பிய, அதைவிட உயர்ந்த ஏர்ல் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

கேள்வி: பிள்ளைகளுக்கு அளவுகடந்த செல்லம் கொடுத்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 1749இல் பிறந்த சார்ல்ஸின் சூதாட்டக் கடன் அதற்குச் சான்று. நோயாளியும் ஆண் வாரிசு இல்லாதவருமான சார்ல்ஸின் அண்ணன் ஸ்டீஃபனின் சொத்து ஒருநாள் தம்பிக்கு வரும் என்று நம்பிக் கடன் கொடுத்தவர்கள், 1773 நவம்பரில் ஸ்டீஃபனுக்கு மகன் பிறந்ததும் நெருக்கத் தொடங்கினார்கள். தந்தை சுமார் 1,40,000 பவுன் கொடுத்து மகனை மீட்டார். 1774 ஜூலை 1ஆம் தேதி ஹென்றி இறந்தார். அதே மாதத்தில் கரோலினும், அவ்வாண்டு முடிவதற்குள் ஸ்டீஃபனும் மறைந்தனர்.

தந்தை எதிர்த்துத் தோற்ற அந்தத் திருமணச் சட்டத்தை நீக்க 1772இல் சார்ல்ஸ் முயன்றார். அரச குடும்பத்தினரின் திருமணத்துக்கு மன்னரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கும் மசோதாவை எதிர்த்து, அதே ஆண்டில் கடற்படை வாரியப் பதவியையும் துறந்தார். 1795இல் எலிசபெத் ஆர்மிஸ்டெட்டை ரகசியமாக மணந்த அவர், அதை ஊரறியச் சொன்னது 1802இல்தான்.