சென்னைக்குப் பக்கத்தில், வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லாத காட்டுப் பாதையில் நடந்து போய்ப் பார்க்கிற அருவி இருக்கிறதா? தனியாகப் போகலாமா?

இருக்கிறது, நாகலாபுரம் மலை. ஆனால் தனியாகப் போகாதீர்கள்.

செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று போய் எல்லையைத் தாண்டினால் ஆந்திரப் பக்கம் கொஞ்ச தூரத்தில் நாகலாபுரம். சென்னையிலிருந்து 70, 80 கிலோமீட்டர் இருக்கும். முன்பு சித்தூர் மாவட்டம், 2022இலிருந்து திருப்பதி மாவட்டம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரை வைத்த ஊர் என்பார்கள். பெருமாள் மச்ச அவதாரக் கோலத்தில் இருக்கும் வேதநாராயண சுவாமி கோயில் இங்கேதான். மலைக்கு வருகிறவர்கள் பலர் அந்தக் கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த மலைக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அதனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை போனால்தான் அருவியை அருவியாகப் பார்க்கலாம், ஏப்ரலில் போனால் வெறும் பாறைதான். பாதை என்று தனியாக எதுவும் கிடையாது, ஓடைதான் பாதை. ஓடையைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும், வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் குளம் போல மடுக்கள் வரும், சிலவற்றில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரியும்.

நான் முதல் முறை போனது ஒரு டிசம்பர் மாதம், நண்பர்கள் நான்கு பேர். போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. ஓரிடத்தில் ஓடை இரண்டு ஆள் உயரப் பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது, அதில் ஏற முடியாது என்று பக்கத்துச் சரிவில் புதர்களுக்கு நடுவே ஏறிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடையில் இறங்கினோம். பேசிக்கொண்டே செய்த காரியம், யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மேலே அருவியில் ஒரு மணி நேரம் போல நின்றோம், அப்புறம் திரும்பினோம்.

திரும்பும்போது எல்லோருடைய தலையிலும் இருந்தது ஒரே நினைப்புதான்: ஓடையோடு இறங்கினால் தானாக ஊர் வந்துவிடும். அதுதான் தப்பு. ஓடை ஊருக்குத்தான் போகிறது, ஆனால் அது பாறையிலிருந்து குதித்துப் போகிறது. சரிவில் ஏறிச் சுற்ற வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிட்டோம், மேலிருந்து பார்த்தால் அந்த இடம் சும்மா ஒரு புதர் மாதிரிதான் தெரிகிறது. முன்னால் நடந்த நண்பன் பாசி படிந்த விளிம்பில் நின்றான், ஒரு கால் வழுக்கி, பக்கத்தில் இருந்த வேரைப் பிடித்துக்கொண்டான். வேர் பிய்ந்து வரும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, முழுதாகப் பிய்யவில்லை. எதிர்ச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: "தம்பி, அங்க இறங்காதீங்க, போன மழையில எங்க ஆடு ஒண்ணு அங்கதான் விழுந்துச்சு. பின்னால வந்து மேட்டுல ஏறுங்க." அவரே இறங்கி வந்து சரியான இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். அப்போது மணி நாலு இருக்கும், வானம் வெளுப்பாக இருந்தும் பள்ளத்துக்குள் அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஓடையை விட்டு எங்கே விலகினாலும், மறுபடி எங்கே சேர்ந்தாலும், நின்று திரும்பி, வந்த பக்கம் பார்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுவேன். திரும்பும்போது கண் பார்க்கப் போவது அந்தக் காட்சியைத்தான். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், நடந்த தடத்தைப் பதிவு செய்கிற செயலி ஒன்றை ஓடவிட்டு, போனைத் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். போன வருட வீடியோவை நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு மழையிலும் வெள்ளம் பாறைகளைப் புரட்டிப் போடுகிறது, யாராவது அடையாளத்துக்கு அடுக்கி வைத்த கற்களும் அதோடு போய்விடும்.

மடுவில் குதிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப்பட்ட இடங்களில் உயிரை விட்டிருக்கிறார்கள், அடியில் பாறை எப்படிக் குடைந்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ மழை கொட்டுகிறது என்று அர்த்தம். பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டில் ஏறிவிடுங்கள். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தொங்கினால் கத்தவோ புகை போடவோ கூடாது.

கிளம்பும் முன் வனத்துறையிடம் கேளுங்கள், அனுமதி இல்லை என்றால் போகாதீர்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறது, வழிகாட்டியும் கூட வருவார். இதுவரை மலை ஏறியதே இல்லை என்றால் அதில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். குழந்தைகளோடு என்றால் நாகலாபுரத்திலிருந்து புத்தூர் போகும் சாலையில் கைலாசகோனா அருவி இருக்கிறது, அங்கே இவ்வளவு நடக்க வேண்டியதில்லை.

தனியாக ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஈரப் பாறையில் கணுக்கால் பிசகினாலே போதும், அங்கிருந்து நகர முடியாது, கூப்பிடவும் சிக்னல் இல்லை. நான்கு பேர் இருந்தால் ஒருவர் அடிபட்டவரோடு இருக்கலாம், இரண்டு பேர் ஊருக்கு இறங்கி ஆள் கூட்டி வரலாம். நான் இப்போதும் நான்கு பேர் சேராவிட்டால் போவதில்லை.