யூடியூப் ஓடுகிறது, வங்கி திறக்கவில்லை

கேள்வி: ஐயா, பழைய ரவுட்டர் பழுதாகிவிட்டதால் லாமிங்டன் சாலையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். யூடியூப், கூகுள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. என் கணவரின் ஓய்வூதியம் வரும் வங்கியின் தளமும் வேறு இரண்டு மூன்று தளங்களும் மட்டும் திறப்பதில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் வழியாகப் பார்த்தால் உடனே திறக்கின்றன. வங்கியில் கேட்டால் உங்கள் இணைப்பில் கோளாறு என்கிறார்கள். கேபிள்காரரோ வங்கியைக் கை காட்டுகிறார். மகன் சொன்னபடி டி.என்.எஸ்.ஸை 8.8.8.8 என்று மாற்றியும் பயனில்லை. ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் அழுத்தச் சொல்கிறார் கேபிள்காரர். அழுத்தலாமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம் அம்மா. குண்டூசியைப் பெட்டியிலேயே வையுங்கள். அதை அழுத்தினால் ரவுட்டரில் பதிந்துள்ள இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். பிறகு யூடியூபும் இருக்காது. கேபிள்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் மகன் சொன்னது தவறில்லை, ஆனால் இந்த நோய்க்கான மருந்து அதுவல்ல. டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவது. அதில் கோளாறு என்றால் முகவரி கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு பெரும்பாலும் சட்டென்று வந்துவிடும். உங்களுக்கு வட்டம் சுற்றுகிறது. முகவரி கிடைத்துவிட்டது, பேச்சும் தொடங்கிவிட்டது, நடுவில் எதுவோ சிக்கிக்கொண்டது. என் சந்தேகமெல்லாம் எம்.டி.யு. மேல்தான்.

எம்.டி.யு. என்பது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு. பொதுவாக 1500 பைட். பயனர் பெயர் கொடுத்து நுழையும் பி.பி.பி.ஓ.இ. இணைப்புகளில், உறைக்கே 8 பைட் போய்விடுவதால் மிஞ்சுவது 1492. சில கேபிள் இணைப்புகளில் இதைவிடவும் குறையும். பழைய கட்டடத்தின் குறுகிய மாடிப்படி மாதிரி: நாற்காலி ஏறிவிடும், பீரோ திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டும்போது, 'அளவு பெரிது, குறைத்து அனுப்பு' என்று வழியில் உள்ள கருவி அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் சில தளங்களின் காவல் அமைப்புகள் இந்தத் தகவலையே உள்ளே விடுவதில்லை. வங்கி மறுபடி மறுபடி அதே பெரிய பொட்டலத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்; உங்களுக்கு வட்டம் சுற்றும். ஆகவே வங்கிக்காரர், கேபிள்காரர் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. தொலைபேசித் துறையில் இருந்த காலம் முதல் இந்தப் பரஸ்பரக் கைகாட்டலைப் பார்த்து வருகிறேன்!

யூடியூப் மட்டும் எப்படி ஓடுகிறது? கூகுளின் தளங்கள் பெரும்பாலும் குயிக் என்ற புதிய முறையில் பேசுகின்றன. அதில் பொட்டலங்கள் தொடக்கத்திலேயே சிறிதாக, 1200 பைட்டை ஒட்டியே இருக்கும். அதனால் இடிபடாமல் வந்துவிடுகின்றன.

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரி இருக்கும். அதை உலாவியில் தட்டி உள்ளே போங்கள். (அந்தத் தாளில் உள்ள கடவுச்சொல்லே இன்னும் புழக்கத்தில் இருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.) இணைய இணைப்புப் பக்கத்தை முதலில் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயோ மேம்பட்ட அமைப்புகளிலோ எம்.டி.யு. என்ற கட்டம் இருக்கும். அதில் 1400 என்று இட்டுச் சேமித்து, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். வங்கித் தளம் திறந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிறகு 1492 இட்டுப் பாருங்கள். மறுபடி சுற்றினால் 1400-க்கே திரும்பிவிடலாம். வேகத்தில் வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியும் திறக்கவில்லையா? ரவுட்டரில் ஐ.பி.வி.6 என்ற புதிய இணைய முகவரி முறையை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்காகத் தளங்களைத் தடுக்கும் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேபிள்காரரிடம், "எம்.எஸ்.எஸ். கிளாம்பிங் செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பெரிய பொட்டலங்கள் வராதபடி இணைப்பின் தொடக்கத்திலேயே அளவைக் குறைத்துச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. குண்டூசி யோசனை மறுபடி வராது.

கேள்வி: பழைய மடிக்கணினியில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?
- ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: வீட்டில் மற்ற கருவிகள் ஒழுங்காக ஓடினால் ரவுட்டர் நிரபராதி. மடிக்கணினியின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தளங்கள் அசலானவை என்று காட்டும் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வராதவை என்று அது எண்ணிக்கொள்ளும். தேதியைத் திருத்துங்கள். அணைத்துப் போட்டதும் மீண்டும் பழைய தேதிக்கே ஓடினால், உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர். 2032 வகைதான். சிலவற்றில் கம்பியோடு சேர்ந்து வரும் என்பதால், நீங்களே கழற்றாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.