ஆடிக்காற்றில் கிளைடர் போட்டி: கேள்வி பதில்

எஃப்5ஜே என்பது ரிமோட்டில் இயக்கும் கிளைடர் மாடல்களை மோட்டாரால் ஏற்றி, மோட்டாரை நிறுத்திவிட்டுச் சறுக்கிப் பறக்கவிடும் போட்டி. அதற்குத் தயாராகிறவர்கள் கேட்டவை இவை. மோட்டார் 30 வினாடிக்குள் நிற்க வேண்டும், பறக்கும் நேரம் 10 நிமிடம், வினாடிக்கு ஒரு புள்ளி.

மண்டபம் ஊரிலிருந்து: சார், கடற்கரையிலேயே களம் போட்டா என்ன? காத்து சீரா வருதே.

சீராக வரும், ஆனால் தூக்காது. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, தரையில் சில கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகுதான் தெர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று, கிளம்பும். ஆடியில் வற்றிக் கிடக்கும் கண்மாய்த் தரை நல்ல இடம். கரைக்கும் பனைவரிசைக்கும் காற்று மறைவில் மட்டும் இறங்குமிடம் வைக்காதீர்கள். 15 மீட்டர் பனைவரிசை, 150 மீட்டர் தள்ளியும் காற்றைக் கலக்கும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அதனால் டிஜிட்டல் ஸ்கை (எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசுத் தளம்) வரைபடத்தைப் பார்த்து, அனுமதி வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

ராமநாதபுரத்திலிருந்து: அண்ணே, தெர்மலோட பின்னாடி போயிட்டா திரும்ப முடியல. களத்துக்கு முன்னாடியே இறங்கிடுது.

தம்பி, நீங்கள் மெதுவாகத் திரும்புகிறீர்கள். கணக்குப் பாருங்கள். மாடலின் சிறந்த சறுக்கு வேகம் வினாடிக்கு 9 மீட்டர், எதிர்க்காற்று 8, நீங்கள் 400 மீட்டர் பின்னால் இருக்கிறீர்கள். 9-லேயே பறந்தால் தரைக்கு மேல் நகர்வது 1 மீட்டர்தான். 400 வினாடி ஆகும், வினாடிக்கு 0.6 மீட்டர் இறங்கினாலும் 240 மீட்டர் உயரம் போய்விடும். எதிர்க்காற்றில் பாதியைக் கூட்டி 13-இல் பறந்தால் நகர்வு 5 மீட்டர், 80 வினாடி. இறக்கம் வினாடிக்கு 1 மீட்டர் ஆனாலும் செலவு 80 மீட்டர்தான். வழியில் கீழ்நோக்கும் காற்று சிக்கினால் இது இரட்டிப்பாகும், ஆகவே 160 மீட்டர் கையில் இல்லாமல் அவ்வளவு தூரம் பின்னால் போகாதீர்கள். கிளைடர் தாழ்கிறதே என்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) இழுப்பதுதான் பலருக்கும் வினை. மூக்கைத் தாழ்த்துங்கள்.

பரமக்குடியிலிருந்து: பாலஸ்ட், அதாவது கூடுதல் எடை, எவ்வளவு போடலாம்?

வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். 1,500 கிராம் மாடலில் 300 கிராம் போட்டால் 9 மீட்டர் 9.9 ஆகும், அவ்வளவுதான். ஸ்டால் வேகமும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து மாடல் விழும் வேகமும், அதே விகிதத்தில் ஏறும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வரை வெறுமனே பறக்கலாம், 6-7 தாண்டினால் 300 கிராம். பித்தளைத் துண்டுகள் சரியாக சிஜி-யில் (எடை மையம்) உட்கார வேண்டும், ஆடக் கூடாது. போட்டபின் சிஜி-யை மறுபடி பாருங்கள். 12 மீட்டருக்கு மேல் தொடர்ந்து அடித்தால் போட்டியையே நிறுத்த வேண்டும்.

கீழக்கரையிலிருந்து: தாழ்வா மோட்டாரை நிறுத்தினாத்தானே லாபம்?

அமைதியான நாளில் சரி. மோட்டாரால் ஏறிய உயரத்தில் 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளி போகும், அதற்கு மேல் 3 புள்ளி. 60-இல் நிறுத்தினால் 30 புள்ளி நட்டம், 150-இல் 75. வித்தியாசம் 45. ஆனால் அந்த 90 மீட்டர், வினாடிக்கு 0.8 இறக்கத்தில் 110 வினாடிக்கு மேல் தரும். காற்று நாளில் 45 கொடுத்து 110 வாங்குவதில் தப்பில்லை. ஒன்று கவனியுங்கள்: மோட்டார் நின்ற பின் 10 வினாடி வரை எட்டும் உச்ச உயரமும் கணக்கில் சேரும். நிறுத்துமுன் மூக்கை மட்டப்படுத்தாவிட்டால் மிச்ச வேகம் மேலே கொண்டுபோய் விடும்.

திருப்புல்லாணியிலிருந்து: இறங்கும்போது கடைசி மூணு மீட்டர்ல தொப்புன்னு விழுது, ஏன் சார்?

மேலே 8 மீட்டர் அடிக்கும் காற்று, தரையருகே 5 தான். நீங்கள் 10-இல் வந்தால் அந்த 3 மீட்டர் காற்றுவேகம் சட்டென்று காணாமல் போகிறது, உடனே ஸ்டால். 15 மீட்டர் உயரத்திலேயே காற்றுக்கு எதிராகத் திரும்பி, 13-இல் வாருங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தட்டு) பாதி போதும், முழு ஃபிளாப் இலக்கின் தலைமேல் மட்டும். இலக்கிலிருந்து 1 மீட்டருக்குள் இறங்கினால் 50 புள்ளி, பிறகு மீட்டருக்கு 5 குறையும். 75 மீட்டர் தாண்டி விழுந்தால் அந்தப் பறப்பே சுழியம். 50-க்கு ஆசைப்பட்டுக் காற்று மறைவில் திரும்பாதீர்கள்.

தொண்டியிலிருந்து: உப்புக்காத்துக்கு என்ன செய்யணும்?

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றன்றே துடைக்க வேண்டும். இரும்புக் கம்பிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு, மோட்டார் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய். மணல் சர்வோ (தட்டுகளை அசைக்கும் சிறு மோட்டார்) பல்லையும், மடங்கும் புரொப்பெல்லரின் கீலையும் கெடுக்கும். வெயிலில் கறுப்புக் கார்பன் இறக்கைக்கு வெள்ளித்துணி உறை. லிப்போ பேட்டரி தெர்மோகோல் பெட்டியில் இருக்கட்டும்.

அதே நபர்: தூறல் போட்டா?

துளி படிந்த இறக்கை முன்னதாகவே ஸ்டால் ஆகும், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், இறங்கியதும் துடையுங்கள். இடி கேட்டால் பறப்பு கிடையாது.