தொழிலாளர் சட்டம் படிக்கும் மகள் எங்கே பயிற்சி பெற வேண்டும்?

கோவை சிங்காநல்லூரிலிருந்து ஒரு பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டை முடிக்கப்போகும் அவர்களுடைய மகள், தொழிலாளர் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறார். இதுவரை பன்னிரண்டு வார இன்டர்ன்ஷிப் முடிந்திருக்கிறது. மீதமுள்ள எட்டு வாரமும் சிறப்புப் பாடத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்று கல்லூரி கேட்கிறது. இந்த நேரத்தில் தாய்மாமா, மும்பையின் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனம் ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரிடம் பேசி வைத்திருக்கிறார். முகவருக்கு ரூ.15,000, தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்ந்தால் நான்கு வாரத்துக்கு ரூ.60,000-ஐத் தாண்டும் என்பது பெற்றோர் போட்ட கணக்கு. நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாமா என்று தாயார் கேட்கிறார்.

வீட்டில் இதற்கு முன் வழக்கறிஞரே இல்லாத குடும்பத்தில் இந்தப் பதற்றம் இயல்பானதுதான், அம்மா. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் நகை அடகுக் கடைக்குப் போய்விடும் என்பதால் நேராகவே சொல்கிறேன்: முகவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இன்டர்ன்ஷிப் என்பது விலைக்கு விற்கப்படும் பொருளன்று. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழுக்கு வழி செய்பவர் உங்கள் மகளுக்குச் சட்டம் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. மும்பைப் பயணம் உங்கள் மகளின் பாடத்துக்கும் பெரிதாக உதவாது. வணிக ஒப்பந்தங்களையும் நிறுவன இணைப்புகளையும் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் நான்கு வாரப் பயிற்சியாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தீர்ப்பு தேடும் வேலையும் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையும்தான். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மனிதரின் முகத்தைக்கூட அங்கே அவர் பார்க்க வாய்ப்பில்லை.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் (பார் கவுன்சில்) 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்ய முடியாது என்பதால், உங்கள் மகள் எட்டு வாரத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட இயலாது. இரண்டு தவணைகளாகத்தான் பிரிக்க வேண்டும். படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. எங்கெல்லாம் பயிற்சி பெறலாம் என்ற பட்டியலில் தொண்டு நிறுவனங்கள், நீதித்துறை, ஒழுங்குமுறை அமைப்புகள், உள்ளாட்சிகள், நிறுவனங்கள் எனப் பலவும் இடம்பெற்றிருக்கின்றன. பெரிய சட்ட நிறுவனம்தான் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அது உறவினர்கள் சேர்த்துக்கொண்ட விதி.

வழக்கமாகச் சொல்லப்படும் வழிகளை இங்கே விவரிக்கப்போவதில்லை. அவற்றை எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சட்ட மாணவர்கள் திரும்பியே பார்க்காத ஓர் இடத்தைச் சொல்கிறேன்: தொழிற்சங்கத்தின் சட்டப் பிரிவு, அல்லது தொழிலாளர் தரப்பில் வழக்காடும் உள்ளூர் வழக்கறிஞரின் அலுவலகம். பஞ்சாலைகளும் வார்ப்படத் தொழிற்சாலைகளும் பம்ப் தயாரிப்புக் கூடங்களும் நிறைந்த கோவையில் இருந்துகொண்டு தொழிலாளர் சட்டம் கற்க மும்பைக்கு ரயில் ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடம் மாணவர்களின் கண்ணில் படாமல் போவதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறுகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, தகராறு நீதிமன்றத்துக்குப் போகும் முன் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்பு நடக்கும் பேச்சுவார்த்தையில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் ஆஜராவதைத் தடை செய்தது. தொழிலாளர் நீதிமன்றத்திலும்கூட எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் வாதாட முடியும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடம் தரவில்லை. ஆகவே தொழிலாளிக்காக அந்த மேசையில் பேசுபவர் பெரும்பாலும் சட்டப் பட்டம் இல்லாத, ஆனால் அந்தச் சட்டத்தோடு பல்லாண்டு பழகிய ஒரு சங்க நிர்வாகி. வழக்கறிஞர் அலுவலகத்தில் மட்டும் பயிற்சி பெறும் மாணவர், ஒரு தொழிற்தகராறின் முதல் பாதியைக் காணாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார். சங்க நிர்வாகியுடன் சென்று, சமரச அலுவலரின் அனுமதி பெற்று, ஓரமாக அமர்ந்து கவனிக்கும் மாணவிக்கு அந்தப் பாதி கிடைக்கும்.

அங்கே என்ன வேலை இருக்கும் என்று கேட்பீர்கள். வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளி பிளாஸ்டிக் பையில் காகிதங்களைக் கொண்டு வருவார். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு விவரம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு அவர் யாரையோ வைத்து எழுதிய பதில் எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, நடந்தது என்ன என்பதை இரண்டு பக்கத்தில் எழுதுவதுதான் முதல் பயிற்சி. அடுத்ததாக, "இவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்" என்று நிர்வாகம் சொல்லும்போது, அந்த ஒப்பந்தம் உண்மையானதா, வேலையை மேற்பார்த்தவர் யார், சம்பளம் எங்கிருந்து வந்தது என்று ஆவணங்களில் தேட வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தின்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆவதற்கு உரிமை பெறுகிறார். அந்த 480 நாளை வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணிக் காட்டுவது கேட்பதற்கு எளிய வேலை. செய்து பார்த்தால்தான் வாரவிடுமுறையும் மருத்துவ விடுப்பும் கணக்கில் எப்படி வரும் என்ற கேள்விகள் எழும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கும் அப்படித்தான். கடைசியாக மாதம் ரூ.18,000 அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாகப் பெற்று, 20 ஆண்டு வேலை செய்தவருக்கு, சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆண்டுகளாலும் பெருக்கினால் ரூ.2,07,692 வரும். நிர்வாகம் தர முன்வரும் தொகை இதைவிடக் குறைவாக இருந்தால், வேறுபாடு எந்த இடத்தில் வந்தது என்று கண்டுபிடிப்பவர் அந்தப் பயிற்சி மாணவியாக இருக்கலாம். பேச்சுவார்த்தை வெற்றி பெற்றால் ஒப்பந்தத்தின் வாசகம் எப்படி எழுதப்படுகிறது என்பதையும், முறிந்தால் கோரிக்கை மனுவும் எதிருரையும் எப்படித் தயாராகின்றன என்பதையும், தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்பதையும் அதே நான்கு வாரத்தில் வெவ்வேறு வழக்குகளில் பார்த்துவிட முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. 29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. ஊதியம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வந்திருக்கிறது. மூத்த வழக்கறிஞர்களும் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் இது. பழைய சட்டத்தையும் புதிய தொகுப்பையும் பிரிவுக்குப் பிரிவு ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்துத் தரும் மாணவியை எந்த அலுவலகமும் சும்மா உட்கார வைக்காது.

இரண்டாவது நான்கு வாரத்துக்குச் சென்னை போகலாம். தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுக்கள் தாக்கலாகின்றன. அவற்றை நடத்தும் வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்றால் மேல்முறையீட்டு வழக்கறிஞர் என்ற நிபந்தனையும் நிறைவேறும். இந்தச் செலவு நியாயமானது, உறவினர் வீடோ மகளிர் விடுதியோ இருந்தால் தாங்கக்கூடியதும்கூட.

"தொழிலாளர் பக்கம் நின்றால் வருமானம் ஏது?" என்று மாமா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவு என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அது எந்த ஜூனியர் வழக்கறிஞருக்கும் உள்ள நிலைதான். தொழிலாளர் வழக்கின் உள்ளும் புறமும் அறிந்தவரை நிர்வாகங்களும் தேடுகின்றன, நிறுவனங்களின் மனிதவளத் துறையும் தேடுகிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் வருங்கால வைப்பு நிதி அமலாக்க அதிகாரி, உதவி ஆணையர் தேர்வுகளில் தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் விட முக்கியமானது, உங்கள் மகள் இந்தப் பாடத்தைத் தானாக விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. நான்காண்டு சட்டம் படித்த ஒருவரின் விருப்பத்தை, சட்டமே படிக்காத ஒருவரின் யோசனைக்காகத் தள்ளிவைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சங்க அலுவலகத்துக்குப் பெண் பிள்ளையை அனுப்புவதா என்ற தயக்கம் தந்தைக்கு இருக்கிறது. யாரிடம் பயிற்சி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, அலுவலகத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று நேரில் போய் விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளருக்கும் பாதுகாப்புத் தருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். இதே கேள்விகளை மும்பை நிறுவனத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

இனிச் செய்ய வேண்டியது காகித வேலை. சங்கத்தின் சட்டப் பிரிவைக் கல்லூரி ஏற்குமா என்பதைப் பயிற்சிப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். தயங்கினால், அந்தச் சங்கத்தின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரின் பெயரில், அவருடைய பதிவு எண்ணுடன் சேர்க்கை போட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்கும் சென்று வரலாம். பயிற்சி நாட்குறிப்பை அன்றன்றைக்கே எழுதி வாரந்தோறும் கையொப்பம் வாங்க வேண்டும். கட்சிக்காரருடன் நடக்கும் இரண்டு நேர்காணல்களையும் மனுத் தயாரிப்பையும் கவனித்து எழுதும் நாட்குறிப்புக்கு மட்டும் 30 மதிப்பெண் உண்டு, அதன்மீது வாய்மொழித் தேர்வும் இருக்கிறது. தொழிலாளர்களின் பெயரை அதில் எழுதக் கூடாது. கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் கைக்கு வந்ததும், விடுமுறை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, மகளே நேரில் போய்க் கேட்கட்டும். மாமா உடன் போக வேண்டாம்.